போரான் டிரையாக்சைடு தயாரிப்பு: அறிகுறிவழி பிழை நீக்கம்

உலோகப்போலிகளின் ஆக்சைடுகளில் தயாரிப்பதற்கு எளியதாகத் தோற்றமளித்து, கையாளும்போது மிகுதியாகத் தொல்லை கொடுப்பது போரான் டிரையாக்சைடு. பாடநூலில் அதன் தயாரிப்பு ஒரே வரியில் முடிந்துவிடும்: போரிக் அமிலத்தைச் செஞ்சூட்டில் வைத்தால் நீர் நீங்கிக் கண்ணாடி போன்ற திண்மம் கிடைக்கும். செய்து பார்ப்பவருக்கோ மூசையிலிருந்து (உயர்வெப்பத்தைத் தாங்கும் உருக்குகலம்) பொங்கி வழிந்த வெண்ணுரையும், குமிழி நிறைந்த கட்டியும், மறுநாள் வெள்ளை பூத்துப்போன மேற்பரப்பும், சில வேளைகளில் விரிசல் விட்ட மூசையும் எஞ்சும். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை நீரால் வருபவை: வெளியேற வேண்டிய நீர் அவசரமாக வெளியேறுகிறது, அல்லது உள்ளேயே தங்கிவிடுகிறது, அல்லது போகும்போது போரானையும் உடன் கொண்டுபோகிறது, அல்லது போன பிறகு காற்றிலிருந்து திரும்பி வந்துவிடுகிறது. எனவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கட்டத்தில் நீர் எங்கே இருக்கிறது என்பதுதான்.

தொடங்குமுன் எண்கள் சில கையில் இருக்கட்டும். போரிக் அமிலத்தின் மோலார் நிறை 61.83 கிராம், போரான் டிரையாக்சைடின் மோலார் நிறை 69.62 கிராம். இரண்டு மோல் அமிலத்திலிருந்து ஒரு மோல் ஆக்சைடும் மூன்று மோல் நீரும் உண்டாவதால், 100 கிராம் உலர்ந்த அமிலம் 56.3 கிராம் ஆக்சைடைத் தரும். எடை இழப்பு 43.7 விழுக்காடு. இடையில், நீரில் ஒரு பகுதி மட்டும் நீங்கிய மெட்டாபோரிக் அமிலம் என்ற நிலை உண்டு; அங்கே இழப்பு 29.1 விழுக்காடு, அதாவது மொத்த இழப்பில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வொரு கட்டத்திலும் மூசையை எடைபோட்டு இந்த எண்களோடு ஒப்பிட்டு வந்தால், கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பாதியைக் கண்ணில் படுவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். போரிக் அமிலமும் போரான் டிரையாக்சைடும் இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள்கள் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் வகைப்படுத்தப்பட்டுள்ளன. தூள் பறக்கும் வேலைகளை முகமூடியுடன் புகைக்கூண்டுக்குள் செய்ய வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் இவ்வேலையைத் தவிர்ப்பது நல்லது.

அறிகுறி: போராக்ஸிலிருந்து எடுத்த போரிக் அமிலம் தூய்மையாக இல்லை

வெங்காரம் எனப்படும் போராக்ஸை வெந்நீரில் கரைத்து வலிய அமிலம் சேர்த்து ஆறவைத்தால் போரிக் அமிலம் முத்துப்போல் மினுங்கும் மெல்லிய செதில்களாகப் படியும். 1702-இல் வில்ஹெல்ம் ஹோம்பெர்க் முதன்முதலில் இதைப் பெற்றதும் வெங்காரத்தை அமிலத்தோடு வினைப்படுத்தித்தான். செதில்களுக்குப் பதிலாகக் கெட்டியான பட்டகப் படிகங்கள் படிந்தால், சேர்த்த அமிலம் போதவில்லை, வெங்காரமே திரும்பப் படிகமாகியிருக்கிறது என்று பொருள். 100 கிராம் படிக வெங்காரத்துக்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கணக்குப்படி 44 மில்லிலிட்டர் தேவை. 50 மில்லிலிட்டர் எடுத்துக்கொண்டால் சற்று மிகுதியாக இருக்கும், அந்த மிகுதி வேண்டியதே. கோட்பாட்டு விளைச்சல் 64.8 கிராம்.

செதில்கள் சரியாகவே வந்திருந்தும், சுடரில் காட்டும்போது பளிச்சென்ற மஞ்சள் நிறம் வந்தால் சோடியம் கலந்திருக்கிறது. கந்தக அமிலத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு இது அடிக்கடி நேரும், காரணமும் தெளிவானது. 100 கிராம் வெங்காரத்திலிருந்து ஏறத்தாழ 37 கிராம் சோடியம் சல்பேட் உண்டாகிறது. 250 மில்லிலிட்டர் நீரில், அறை வெப்பநிலையில், அது முழுவதும் கரைந்தே இருக்கும். ஆனால் போரிக் அமிலம் மிகுதியாகப் படியட்டும் என்று பனிக்கட்டியில் வைத்தால், 0 டிகிரி செல்சியஸில் 100 மில்லிலிட்டர் நீருக்கு 5 கிராம் அளவே கரையக்கூடிய சோடியம் சல்பேட், நீரேறிய படிகமாகப் போரிக் அமிலத்தோடு சேர்ந்தே இறங்கிவிடும். குளிர்விக்காமல் விட்டாலோ, நம்மூரின் 30 டிகிரி வெப்பத்தில் ஒவ்வொரு 100 மில்லிலிட்டரிலும் 6 கிராமுக்கு மேல் போரிக் அமிலம் கரைசலிலேயே தங்கி வீணாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் தவிப்பதைவிட ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மாறிவிடுவதே மேல் என்பது என் கருத்து. அதில் உண்டாகும் 31 கிராம் அளவிலான சமையலுப்பு பனிக்குளிரிலும் நன்றாகக் கரைந்தே இருக்கும்; போரிக் அமிலத்தின் கரைதிறனோ அங்கே 100 மில்லிலிட்டருக்கு 2.5 கிராமாகக் குறைந்துவிடும். வடிகட்டிய செதில்களைப் பனிக்குளிர் நீரால் சிறிது சிறிதாகக் கழுவி, கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் வெண்மை தோன்றாத நிலை வரும்வரை தொடரலாம். அதற்குப் பிறகும் மஞ்சள் சுடர் நீங்காவிட்டால், மீண்டும் ஒருமுறை வெந்நீரில் கரைத்துப் படிகமாக்க வேண்டும்.

கேரம் பலகையில் தூவும் தூள் போரிக் அமிலம்தானே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது வழவழப்புக்காகச் செய்யப்பட்ட சரக்கு. அதில் மாவோ மணமூட்டியோ வேறு தூளோ கலந்திருந்தால், சூடாக்கும்போது 300 டிகிரிக்குள் கருகி, கண்ணாடியைப் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஆக்கிவிடும்.

அறிகுறி: சூடாக்கும்போது பொங்கி மூசையை விட்டு வழிகிறது

எல்லாருக்கும் முதலில் நேர்வது இதுதான். 100 கிராம் போரிக் அமிலத்திலிருந்து வெளியேறும் 43.7 கிராம் நீர், 200 டிகிரியில் ஆவியாகும்போது ஏறத்தாழ 94 லிட்டர் இடத்தை நிரப்பும். இந்த ஆவி உலர்ந்த தூளின் இடுக்குகள் வழியாக வெளியேறினால் தொல்லையில்லை. உருகிய பாகின் வழியாக வெளியேற நேர்ந்தால், ஒவ்வொரு குமிழியும் பாகைத் தூக்கிக்கொண்டு மேலேறும். ஆகவே உருகுவதற்கு முன்பே இயன்ற அளவு நீரை வெளியேற்றுவதில்தான் கவனம் வேண்டும்.

போரிக் அமிலம் 170 டிகிரியை ஒட்டி உருகவும் சிதையவும் தொடங்குகிறது. நீர் நீங்கியபின் வரும் மெட்டாபோரிக் அமிலத்துக்கு மூன்று படிக வடிவங்கள் உண்டு. அவற்றின் உருகுநிலைகள் முறையே 176, 201, 236 டிகிரி. மெல்லச் சூடாக்கினால் முதல் வடிவம் உருகாமலே அடுத்ததாகவும், அது மூன்றாவதாகவும் மாறி, நீர் திண்மநிலையிலேயே பெருமளவு வெளியேறிவிடும். விரைந்து சூடாக்கினால் முதல் வடிவமே 176 டிகிரியில் உருகி, இன்னும் போகாத நீரைப் பாகுக்குள் சிறைப்படுத்திவிடும். மேல்நிலை வேதியியல் பாடநூல்கள் 373 கெல்வினில் (100 டிகிரி) மெட்டாபோரிக் அமிலம், 413 கெல்வினில் (140 டிகிரி) டெட்ராபோரிக் அமிலம், பிறகு செஞ்சூட்டில் ஆக்சைடு என்று படிக்கட்டுபோல் எழுதுகின்றன. ஆனால் நீர், போரான் ஆக்சைடு ஆகிய இரண்டும் சேர்ந்த அமைப்பைக் கிராசெக், மோரி, மெர்வின் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1938-இல் வெளியிட்ட முடிவுகளின் வழியில் சிந்தித்தால், உலைக்கு முன் நிற்பவர் கவனிக்க வேண்டியவை மெட்டாபோரிக் அமிலத்தின் இந்த மூன்று வடிவங்களே. 140 டிகிரியில் டெட்ராபோரிக் அமிலம் வந்துவிட்டது என்று எண்ணி அங்கிருந்து வேகமாக ஏற்றுபவரின் மூசை கட்டாயம் பொங்கும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை இவை. அமிலத்தை மூசையில் குவிக்காமல், முதலில் அகன்ற தட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத தடிமனில் பரப்பி, 100 முதல் 130 டிகிரி வரையுள்ள அடுப்பில் ஓர் இரவு முழுதும் வைக்க வேண்டும். பிறகு 150 முதல் 165 டிகிரிக்குள் பல மணி நேரம் நிறுத்தி, அவ்வப்போது கிளறி, எடை இழப்பு 29 விழுக்காட்டை நெருங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த எண் வராமல் மேலே போகக்கூடாது. இப்போது கிடைத்துள்ள தூளை மூசையின் மூன்றிலொரு பங்கு அளவுக்கு மட்டுமே நிரப்பி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற அளவில் 350 டிகிரி வரை ஏற்றினால் எஞ்சிய மூன்றிலொரு பங்கு நீர் அடக்கமாக வெளியேறும். இந்த இரண்டாம் கட்டத்திலும் ஓரளவு உப்பும், அது இயல்பே. உப்பிய நுரையின் மேல் கெட்டியான ஓடு உண்டாகி உள்ளே ஆவி அடைபட்டால் மட்டும் சூட்டைச் சிறிது குறைத்து, உலர்ந்த பிளாட்டினக் கம்பியால் ஓட்டை மெல்ல உடைத்துவிட வேண்டும். வேதியியல் தொழிற்சாலைகள் தூளைச் சூடான வாயுவில் மிதக்கவிட்டு நீர் நீக்குவதும், பாகு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும் இந்தக் கட்டத்தைத் தவிர்க்கவே.

அறிகுறி: எடை இழப்பு கணக்கோடு பொருந்தவில்லை

இழப்பு 43.7 விழுக்காட்டுக்குக் குறைவாக நின்றுவிட்டால் நீர் இன்னும் உள்ளே இருக்கிறது. இன்னும் உயர்ந்த வெப்பநிலையில் இன்னும் நெடுநேரம் வைப்பதே வழி. இழப்பு 43.7-ஐத் தாண்டினால் இரண்டு காரணங்களை ஆராய வேண்டும். தொடக்க அமிலம் ஈரமாக இருந்திருக்கலாம். அப்படியானால் அடுத்த முறை டெசிக்கேட்டரில் (ஈரமுறிஞ்சி வைத்த மூடிய கலம்) உலர்த்திய பின் எடைபோட வேண்டும். இரண்டாவது காரணம் சுவையானது. போரிக் அமிலம் தனியே ஆவியாகத் தயங்கும்; நீராவியோடு சேர்ந்தால் எளிதில் கிளம்பிவிடும். இத்தாலியின் டஸ்கனியில், லார்டெரெல்லோ என்ற இடத்தில், பூமிக்குள்ளிருந்து சீறிவரும் நீராவி போரிக் அமிலத்தைச் சுமந்து வருவதும், 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பிரித்தெடுக்கும் தொழில் அங்கே வளர்ந்ததும் இதே இயல்பால்தான். உயர்ந்த வெப்பநிலையில் உருகிய ஆக்சைடும் நீராவியோடு வினைபுரிந்து மெட்டாபோரிக் அமில ஆவியாகக் கிளம்பும். ஆகவே ஈரத்தோடு மூசையைச் சட்டென்று உயர்வெப்பத்துக்குக் கொண்டுசென்றால் நீரோடு போரானும் போகும். உலையின் மூடியிலும் கதவிலும் வெண்மையாகப் படிந்திருப்பது அப்படிப் போன பொருளே. நீரைக் குறைந்த வெப்பநிலையிலேயே வெளியேற்றிவிட்டால் இந்த இழப்பு மிகவும் குறைந்துவிடும். உலர்ந்த ஆக்சைடின் கொதிநிலை 1,800 டிகிரிக்கு மேல் இருப்பதால், 1,000 டிகிரியில் அது பெரிதாக ஆவியாவதில்லை.

அறிகுறி: கண்ணாடியில் குமிழிகளும் மங்கலும்

படிக ஆக்சைடின் உருகுநிலை 450 டிகிரி என்று படித்துவிட்டு, 500 டிகிரியில் நிறுத்தி ஊற்ற முயல்பவர்கள் ஏமாறுவார்கள். அந்த வெப்பநிலையில் அது இறுகிய வெல்லப்பாகு போலத்தான் இருக்கும்; அதனுள் சிக்கிய குமிழி மேலே வர வழியில்லை. 1,000 டிகிரிக்குக் கொண்டுசென்று சில மணி நேரம் நிறுத்தினால் பாகு நெகிழ்ந்து குமிழிகள் வெளியேறும்.

குமிழிகள் நீங்கியதாலேயே நீர் நீங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. நீர் ஹைட்ராக்சில் தொகுதிகளாகப் போரானோடு பிணைந்து, கண்ணுக்குத் தெரியாமலே கண்ணாடிக்குள் தங்கும். காற்றில் திறந்து உருக்கினால் காற்றின் ஈரத்தோடு ஒரு சமநிலையை அடைந்து அங்கேயே நின்றுவிடும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் வெற்றிடத்தில் உருக்க வேண்டும், அல்லது உலர்ந்த நைட்ரஜனைப் பாகின் வழியே குமிழியாகச் செலுத்த வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு இவ்வளவு தேவையில்லை. காலியம் ஆர்சனைடு படிகம் வளர்ப்பவர்களுக்கோ இது தவிர்க்க முடியாதது: 1,238 டிகிரியில் உருகிய ஆர்சனைடின் மேல் இந்த ஆக்சைடை ஒரு தெளிந்த திரவப் போர்வையாக மிதக்கவிட்டு, ஆர்சனிக் ஆவியாகாமல் தடுத்துக்கொண்டே படிகத்தை மேலிழுக்கிறார்கள். அங்கே அதன் ஈரத்தைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவில் குறித்துத்தான் வாங்குகிறார்கள். இத்தகைய நுண்ணளவு நீரைத் தராசு காட்டாது. அகச்சிவப்பு நிறமாலையில் ஹைட்ராக்சில் உறிஞ்சலைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஆறிய பின் மேற்பரப்பில் வெள்ளை பூக்கிறது

நன்றாக வந்த கண்ணாடி சில மணி நேரத்தில் மங்கி, விரலால் தேய்த்தால் வெண்தூள் ஒட்டினால், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மேற்பரப்பு மீண்டும் போரிக் அமிலமாகிவிட்டது. கடலோர ஊர்களின் மழைக்கால ஈரத்தில் இது கண்முன்னேயே நடக்கும். அசிட்டோன், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான்களை உலர்த்த இந்த ஆக்சைடின் தூளையே பயன்படுத்துகிறார்கள் என்றால், அதன் நீர்ப்பசியைப் புரிந்துகொள்ளலாம். அதனால்தான் நீல சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டர் இதற்குப் போதாது. பாஸ்பரஸ் பென்டாக்சைடு வேண்டும். கட்டியை முழுதும் ஆறவிடாமல் 150 டிகிரி அளவில் இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து மூடிய கலத்தில் அடைக்க வேண்டும். தூளாக வேண்டுமானால் உலர்காற்றுப் பெட்டிக்குள் அரைப்பதே சரி, ஏனெனில் அரைக்க அரைக்க ஈரம் ஏறும் பரப்பும் கூடும். பூத்த வெள்ளையைத் துடைத்து எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். மீண்டும் சூடாக்குவது ஒன்றே தீர்வு, அதுவும் முன்பு சொன்ன மெல்லிய ஏற்றத்தோடு.

அறிகுறி: மூசையோடு ஒட்டிக்கொண்டது, அல்லது மூசையே வெடித்தது

இந்தக் கண்ணாடி ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 15 பங்கு சுருங்கும். உருக்கிய சிலிக்காவின் சுருக்கம் அதில் முப்பதில் ஒரு பங்குதான், பீங்கானுடையதும் மூன்றிலொரு பங்கு அளவே. உருகிய நிலையில் ஆக்சைடு அவற்றை நனைத்து இறுகப் பற்றிக்கொள்வதால், ஆறும்போது இரண்டில் ஒன்று உடைந்தே தீரும். மேலும் அது சிலிக்கேட்டுகளையும் அலுமினாவையும் மெல்லக் கரைக்கும். பிளாட்டினம் கரையாது என்றாலும் நனையும். 5 விழுக்காடு தங்கம் கலந்த பிளாட்டினத்தில் ஒட்டுவது குறைவு. நைட்ரஜன் சூழல் உள்ளவர்கள் கிராஃபைட்டையும் பயன்படுத்தலாம். எந்த மூசையானாலும் அதிலேயே ஆறவிடாமல், 900 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே முன்கூட்டி நன்கு சூடாக்கி உலர்த்திய எஃகுத் தகட்டின் மேல் ஊற்றிவிட வேண்டும். தகட்டில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பாகு தெறிக்கும். முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

ஒட்டியதைச் சுத்தியலால் தட்டி எடுப்பது பிளாட்டினத்தைக் கெடுப்பதில்தான் முடியும். மூசையை வெந்நீரில் மூழ்கவைத்து ஓர் இரவு விட்டால் ஆக்சைடு போரிக் அமிலமாகித் தானே கரைந்துவிடும்.

ஊற்றிய கட்டி ஆறியதும் படபடவென்று வெடித்துச் சில்லுகளானால், அது தகைவால் வந்தது. இக்கண்ணாடி இறுகும் எல்லை 260 டிகிரியை ஒட்டியிருப்பதால், அந்த வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைத்துப் பிறகு மிக மெல்ல இறக்கினால் முழுக்கட்டியாக நிற்கும்.

அறிகுறி: நிறம் அல்லது பால்போன்ற கலங்கல்

கறுப்பும் பழுப்பும் கரிமப் பொருளைக் குறிக்கும். நீலம், பச்சை, மஞ்சள் ஆகியவை உலோக ஆக்சைடுகளைக் குறிக்கும். உருகிய வெங்காரத்தில் உலோக ஆக்சைடுகள் தரும் நிறத்தைப் பார்க்கும் போராக்ஸ் மணிச் சோதனையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. இரும்புக் கல்வத்தில் அரைத்த அமிலம் இதற்குப் பொதுவான காரணம். பால்போன்ற கலங்கலுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சிறிதளவு கால்சியம் ஆக்சைடு இதில் சீராகக் கலப்பதில்லை. கால்சியம் மிகுந்த திரவம் தனியே பிரிந்து நுண்துளிகளாக நிற்கும். கடின நீரைக் கொண்டு படிகமாக்கியவர்களுக்கு இது நேரும். காய்ச்சி வடித்த நீருக்கு மாறினால் போதும்.

அறிகுறி: எவ்வளவு மெல்ல ஆறவைத்தாலும் படிகமாகவில்லை

இது பிழையே அன்று. உருகிய போரான் டிரையாக்சைடு சாதாரண அழுத்தத்தில், உருகுநிலைக்குக் கீழே எத்தனை நாள் வைத்தாலும், படிகமாக மறுக்கும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் கூரிய கோடுகளுக்குப் பதிலாக அகன்ற மங்கல் வளையமே தெரியும். மூன்று போரானும் மூன்று ஆக்சிஜனும் மாறிமாறி அமைந்த அறுகோண வளையங்கள் கண்ணாடியில் நிறைந்திருக்க, படிகத்தில் அத்தகைய வளையங்களே இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அந்த வளையங்களை உடைத்தாக வேண்டும். உல்மன், ஹேஸ், டர்ன்புல் ஆகியோர் 1967-இல் வெளியிட்ட ஆய்வு, வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்தாயிரம் மடங்கு அளவிலான அழுத்தம் கொடுத்தால்தான் படிகமாதல் தொடங்குகிறது என்று காட்டியது. அழுத்தக் கருவி இல்லாதவர் உருக்காத வழியைத்தான் நாட வேண்டும்: மெட்டாபோரிக் அமிலத்தை உருகவிடாமல், படிக ஆக்சைடின் சிறுதுகளை விதையாகச் சேர்த்து, பல நாள்கள் மெல்ல மெல்ல நீர் நீக்குவது. கிடைத்தது எது என்பதை அடர்த்தியே சொல்லிவிடும், கண்ணாடிக்கு 1.8-ஐ ஒட்டியும், படிகத்துக்குச் சுமார் 2.5 என்றும் இருக்கும்.

அறிகுறி: தரம் பார்க்கும்போது முடிவுநிலை நிற்கவில்லை

விளைபொருளில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்பதை அறிய, 0.1 கிராம் அளவை வெந்நீரில் கரைத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கலாம், அதாவது காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நிறம் மாறும் முடிவுநிலை வரை எவ்வளவு செலவாகிறது என்று அளக்கலாம். தூய ஆக்சைடு 28.7 மில்லிலிட்டரும், மெட்டாபோரிக் அமிலம் 22.8 மில்லிலிட்டரும், போரிக் அமிலம் 16.2 மில்லிலிட்டரும் கேட்கும். ஒரு விழுக்காடு நீருக்கு ஏறத்தாழ 0.3 மில்லிலிட்டர் குறையும். போரிக் அமிலம் மிக வலிமை குறைந்தது என்பதால் நேரடியாகத் தரம் பார்த்தால் நிறங்காட்டியான ஃபினாப்தலீன் தொடக்கத்திலேயே மெல்லச் சிவந்து குழப்பும். மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைச் சேர்த்தால் போரிக் அமிலம் வலுவான அமிலம்போல் நடந்துகொள்ளும். இளஞ்சிவப்பு வந்த பிறகு இன்னொரு சிட்டிகை மானிட்டால் போட்டுப் பார்க்க வேண்டும். நிறம் மறைந்தால் முன்பு போட்டது போதவில்லை என்று பொருள், நிறம் நிலைக்கும்வரை மானிட்டாலும் காரமும் மாறிமாறிச் சேர்க்க வேண்டும். மானிட்டால் போதிய அளவு இருந்தும் நிறம் அரை நிமிடத்தில் வெளுத்துவிட்டால், குற்றம் நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடில் இருக்கிறது. கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த நீரையும், புதிதாகத் தயாரித்த காரக் கரைசலையும் கொண்டு மீண்டும் தொடங்க வேண்டும்.